ஹார்ட் டிஸ்க்கை ஏன் இன்னும் ஏற்காடு பஸ்ஸில் கொண்டுவருகிறோம்?

கேட்டதை முதலில் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுதுவதில் பயனில்லை. சேலத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தாவரவியல் உதவிப் பேராசிரியர் நீங்கள். உங்களோடு இன்னும் மூன்று கல்லூரிகள், சேர்வராயன் மலையில் நான்கைந்து காப்பித் தோட்டக்காரர்கள். காப்பி எந்த மழைக்குப் பூத்தது, காட்டு ஆர்க்கிட் எந்த வாரம் மலர்ந்தது, எத்தனை மழை பெய்தது என்று ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறீர்கள். மரத்தில் கட்டிய கேமராக்களின் படங்களும் மழைமானிக் கணக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏறி, மாணவர் ஒருவரின் பையில் ஏற்காடு பஸ்ஸில் இறங்குகின்றன. ஆராய்ச்சிக்கான இணையக் கட்டமைப்புக்கு அரசு ஆயிரக்கணக்கான கோடி செலவிட்டிருக்கிறதே, அதில் எங்களுக்கும் ஏதாவது உண்டா, இல்லை ஐஐடிகளுக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் உங்களுக்குப் போதாது என்று நினைக்கிறேன். பொதுவில் கட்டியதில் நம் பங்கு எது, அதைக் காப்பது யார் பொறுப்பு என்பதே உள்ளே இருக்கும் கேள்வி.

நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் கணினி மையத்தில் 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் குடியிருக்கிறேன். கேபிள், ஸ்விட்ச், சர்வர், அவற்றுக்கான கோப்புகள், இவ்வளவுதான் என் உலகம். கொள்கை என்பதை நான் கற்றது டெண்டர் கோப்புகளின் ஓரத்தில் மேலதிகாரிகள் எழுதிய குறிப்புகளில்தான். ஆர்க்கிட் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். என் வீட்டு வாசலில் மனைவி வளர்ப்பது பிழைக்குமா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியாது.

முதலில் அந்த பஸ். அதைச் சொல்லும்போது நீங்கள் வெட்கப்பட்டது போல் தெரிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டெராபைட் தரவை நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அனுப்பினால், ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தாலும் 22 மணி நேரம் ஆகும். அதே டிஸ்க் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் பஸ் நிலையத்துக்கு வர ஒரு மணி நேரம் என்று வையுங்கள். நொடிக்கு 2 கிகாபிட்டுக்கு மேல் வருகிறது. அந்த வேகத்தில் இணைப்பு வைத்திருக்கும் கல்லூரி நம் மாவட்டத்தில் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். கருந்துளையின் முதல் படம் 2019 ஏப்ரலில் வெளியானபோது உலகமே பார்த்தது. அதற்கான தரவை 2017இல் எட்டுத் தொலைநோக்கிகள் பதிந்தன. அந்தத் தரவும் ஹார்ட் டிஸ்க்குகளாக விமானத்தில்தான் பயணம் செய்தது. தென் துருவத்திலிருந்து வர வேண்டிய டிஸ்க்குகளுக்காக, அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும் வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். எனவே பஸ்ஸை விடுங்கள். டிஸ்க் இறங்கிய பிறகு எங்கே போகிறது? அந்த மாணவரின் மேசை இழுப்பறைக்கு என்றால், அங்கேதான் நோய்.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். நம் நாட்டில் ஆராய்ச்சிக்கென்று தனி வலையமைப்பு புதிது அல்ல. 1986இல் மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட்டைத் தொடங்கியது. சென்னை ஐஐடி உட்பட எட்டு நிறுவனங்கள்தான் முதலில் இருந்தன. 2010 மார்ச்சில் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அமைச்சரவை 5,990 கோடி ரூபாய் ஒதுக்கியது. பத்து ஆண்டுத் திட்டம், இலக்கு சுமார் 1,500 நிறுவனங்கள், நடத்துவது தேசிய தகவலியல் மையம். ஐஐடி, தேசிய ஆய்வகம், மத்தியப் பல்கலைக்கழகம் என்று மேல்தட்டு இதில் நன்றாகவே இணைந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முன்பெல்லாம் ஒரு கோப்பு இறங்கட்டும் என்று இரவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் நாங்கள்.

கல்லூரிகளுக்கு வேறு கதவு வைத்தார்கள். 2009இல் வந்த தேசியக் கல்வித் தகவல் தொழில்நுட்ப இயக்கத்தில் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு 1 கிகாபிட் இணைப்பு. கல்லூரிக்கு, ஒவ்வொன்றும் 512 கிலோபிட் வேகமுள்ள சில பிராட்பேண்ட் இணைப்புகள். உங்கள் ஒரு டெராபைட் டிஸ்க்கை அப்படி ஒரே இணைப்பில் அனுப்பியிருந்தால் ஆறு மாதம் ஆகியிருக்கும். கல்லூரி என்பது பாடம் கேட்கும் இடம், ஆராய்ச்சி செய்யும் இடம் அல்ல என்று வரைபடம் போட்டவர் முடிவு செய்துவிட்டார். ஆனால் காடும் மலையும் ஏரியும் கல்லூரிகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஐஐடி வளாகத்துக்குள் சேர்வராயன் மலை வராது.

அதே வரைபடம் இதழ்ச் சந்தாவிலும் தெரிகிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் 13,000 அளவிலான இதழ்கள். உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் முதல் கட்டம் மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் இருக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் மட்டுமே. உங்கள் குழுவில் அரசுக் கல்லூரிக்காரர் கட்டுரையைப் படிப்பார். உதவி பெறும் கல்லூரியில் இருக்கும் நீங்கள் அவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்பீர்கள். ஒரே ஆய்வு, ஒரே மலை, இரண்டு பந்தி.

மூடாத கதவுகளும் உண்டு, அவற்றைத் தட்டிப் பாருங்கள். ஆய்வுக் கருவிகளைப் பகிர்வதற்காக 2020 ஜனவரியில் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளத்தில் நீங்கள் பதிவு செய்து பக்கத்து நிறுவனங்களின் கருவிக்கு நேரம் கேட்கலாம். 2022 மே மாதம் திருச்சி என்ஐடியில் 838 டெராஃப்ளாப் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு) வேகத்தில் பரம் பொருள் என்ற சூப்பர் கணினி நிறுவப்பட்டது. திருக்குறளின் பொருட்பாலிலிருந்து எடுத்த பெயர். படங்களில் பூவை அடையாளம் காணக் கணினி மாதிரி ஒன்றைப் பழக்க வேண்டுமென்றால், அங்குள்ள பேராசிரியர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்வதுதான் நேர்வழி. தாவரத்தின் மரபணு வரிசை எடுத்தால், அதை வைக்க ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 முதல் இருக்கிறது. மழைக் கணக்கையும் பூக்கும் நாள் கணக்கையும் வைக்க, ஜெனீவாவில் இருக்கும் செர்ன் இயற்பியல் ஆய்வகம் நடத்தும் செனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியம் போதும். கட்டணம் இல்லை, ஒரு பதிவுக்கு 50 கிகாபைட் வரை இடம், மேற்கோள் காட்ட நிரந்தர எண்ணும் கிடைக்கும். நம் மலையின் மழையை ஜெனீவாவில் போய் வைக்க வேண்டியிருக்கிறதே என்று உங்களுக்கு உறுத்தினால், எனக்கும் அது உறுத்துகிறது.

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்று. நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு துறை ஆய்வுத் திட்டப் பணத்தில் தரவுச் சேமிப்பு சர்வர் ஒன்றை வாங்கியது. திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு, குளிர்சாதன அறை, கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை. மூன்று ஆண்டில் திட்டம் முடிந்தது. பணம் செலவானதைச் சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழ் போயிற்று, கணக்கு மூடியது. சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒப்பந்தப் பணியாளர், சொல்லிக்கொள்ளும் சம்பளம் கிடைத்த இடத்துக்குப் போய்விட்டார். கடவுச்சொல் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. யுபிஎஸ் பேட்டரி உப்பிப் போயிருந்ததை நான் எழுதிக் கொடுத்தேன். பேட்டரி தொடர் செலவினம் (திரும்பத் திரும்ப வருவது), திட்டத்தில் இருந்ததோ தொடராச் செலவினம் (ஒருமுறை வாங்குவது) மட்டும், எனவே செலவு எழுதக் கணக்குத் தலைப்பு இல்லை என்று கோப்பு திரும்பி வந்தது. ஒரு கோடை இரவில் மூன்று முறை மின்சாரம் போய் வந்தது. காலையில் இரண்டு டிஸ்க்குகளில் சிவப்பு விளக்கு. ஒன்று போனால் தாங்கும் அமைப்பு, இரண்டு போனால் தாங்காது. இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பெட்டியைக் கழிவு செய்து ஏலம் விட்டபோது இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணைச் சிவப்பு மையால் அடித்தார்கள். பெட்டிக்கு வரிசை எண் இருந்தது. உள்ளே இருந்த ஆறு ஆண்டுத் தரவுக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. தணிக்கையில் யாரும் கேள்வி கேட்கவும் இல்லை.

இதனால்தான் நம் கொள்கைகளைப் படிக்கும்போது என் கண் கோடிகளைத் தாண்டி, காவலாளியின் கூலி எங்கே என்று தேடுகிறது. ஏரி வெட்டியவர் பெயரைக் கல்வெட்டில் பொறித்தார்கள், சரி. மடை திறக்கும் நீர்க்கட்டிக்கு ஒவ்வோர் அறுவடையிலும் களத்து மேட்டிலேயே, தண்ணீர் பாய்ந்த ஒவ்வொருவரும் தம் பங்கு நெல்லை அளந்து கொடுத்தார்கள். யாருக்கு எந்த முறை, எத்தனை நாழிகை என்பதும் ஊரறிந்த கணக்கு. பொதுக் கட்டமைப்பை நடத்துவது எப்படி என்பதற்கு வெளிநாட்டு அறிக்கையைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் டெண்டர் ஆவணத்தில் நீர்க்கட்டிக்குப் பத்தி கிடையாது.

வெளிநாட்டிலும் இந்தச் சிக்கல் இல்லாமல் இல்லை. தாவரவியல் படித்த உங்களுக்கு, ஆய்வகங்களில் மாதிரிச் செடியாக வளர்க்கும் அரபிடாப்சிஸின் மரபணுத் தரவுத்தளம் தெரிந்திருக்கும். உலகமே பயன்படுத்திய அந்தத் தளத்துக்கு அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் கொடுத்துவந்த பணம் 2013இல் நின்றது. பராமரித்தவர்கள் இலாப நோக்கற்ற அமைப்பாக மாறி, நிறுவனங்களிடம் சந்தா வாங்கித் தளத்தைக் காப்பாற்றினார்கள். அவ்வளவு பெரிய தரவுத்தளத்துக்கே அந்தக் கதி. மறுபக்கம், புரத வடிவங்களுக்கான தரவு வங்கி 1971இல் ஏழே வடிவங்களோடு தொடங்கியது. அந்தத் துறையின் இதழ்கள், வடிவத்தை அங்கே ஒப்படைக்காமல் கட்டுரை வெளியிட மாட்டோம் என்று நின்றன. இன்று இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. 2024 வேதியியல் நோபல் பரிசின் ஒரு பங்கைப் பெற்றுத் தந்த, புரத வடிவத்தைக் கணிக்கும் கணினி முறை அந்த வங்கியில் படித்துத்தான் தேறியது. செர்ன் ஆய்வகத்தின் தரவைப் பங்கிட்டு வைத்திருக்கும் மையங்கள் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 இருக்கின்றன. மும்பையிலும் கொல்கத்தாவிலும் நமக்கும் இடம் உண்டு. ஒவ்வொரு மையமும் எவ்வளவு இடம் தரும், பழுது என்றால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்லும் என்பதுவரை கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான் பொறாமைப்பட்டது அவர்களின் இயந்திரத்தைப் பார்த்து அல்ல, அந்தத் தாளைப் பார்த்து.

வலையமைப்பையும் சர்வரையும் விடத் தலைவலியான இன்னொன்று உங்கள் குழுவிலேயே இருக்கிறது. கேள்வியோடு மாதிரிக்கு என்று நீங்கள் கொடுத்திருந்த அட்டவணையில் பார்த்தேன். உங்கள் தானியங்கி மழைமானி மில்லிமீட்டரில் எழுதுகிறது. தோட்டக்காரர்களின் பழைய பதிவேடுகள் அங்குலத்திலும் சென்ட்டிலும் இருக்கின்றன. ஓர் அங்குலம் நூறு சென்ட். ஏப்ரல் மாத வரிசையில் ஒரு நாளுக்கு 85 என்று இருக்கிறது, பக்கத்தில் அலகு இல்லை. அது 85 மில்லிமீட்டர் என்றால் ஓடை பெருகி ஓடியிருக்கும். 85 சென்ட் என்றால் 21.6 மில்லிமீட்டர், காப்பியைப் பூக்க வைக்கும் அளவான மழை. முன்பின் நாள்களைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று ஊகிக்கிறேன், ஆனால் அது ஊகம்தான். இன்னொன்று: வானிலைத் துறை காலை எட்டரைக்கு எட்டரை நாள் கணக்கு வைக்கிறது. தோட்டத்து மேஸ்திரி ஆட்களுக்கு வேலை பிரிக்கும் முன் ஏழு மணிக்குக் குடுவையைப் பார்த்திருப்பார். உங்கள் கருவியோ நள்ளிரவில் தேதி மாற்றுகிறது. ஒரே இரவு மழை மூன்று கணக்கில் இரண்டு தேதிகளில் விழும். இந்தக் கோளாறோடு தரவை உலகத்திலேயே சிறந்த சர்வரில் ஏற்றினாலும் குப்பை பத்திரமாக இருக்கும், அவ்வளவே.

எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டுமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். மழைக் கணக்கைத் தயங்காமல் திறந்துவிடுங்கள். அரிய ஆர்க்கிட் எந்த மரத்தில், எந்த அட்சரேகையில் என்பதை மட்டும் திறக்காதீர்கள். வேரோடு பிடுங்கிப் போக ஆள் இருக்கிறது. ஊர் அளவில் சொல்லி, துல்லியமான இடத்தைக் கேட்டுப் பெறும்படி வையுங்கள். தோட்டக்காரர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர்கள் பதிவேட்டின் பெயர் கட்டுரையில் வர வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தோடு கைகோக்கும் நாள் வந்தால், 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் குறுக்கே வரும். அதன் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. நான் வழக்கறிஞன் அல்ல, அங்கே கேட்காமல் தரவை அனுப்பாதீர்கள்.

இதற்கு மேல் சொல்வது என் கணிப்பு, அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஒரு கிகாபிட் கண்ணாடி இழை கொண்டுபோக வேண்டும் என்பது மத்திய அரசின் கிராம இணையத் திட்டமான பாரத்நெட்டின் இலக்கு. நம் மாநிலத்தில் அதை நடத்துவது மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட். மலை மேல் ஊராட்சி அலுவலகம் வரை இழை போகும் என்றால், அதில் ஒரு நூலை ஆய்வுக் கருவிகளுக்கு ஒதுக்க ஓர் அரசாணை போதும் என்பது என் எண்ணம். புதிதாகப் பள்ளம் தோண்ட வேண்டாம். ஏற்காட்டில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, கீழே கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றுக்கும் உங்கள் நான்கு கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே தரவுக் களஞ்சியம், அதற்கு நிரந்தரப் பணியிடம் ஒன்று. இரண்டு கேட்டால் ஒன்றும் கிடைக்காது என்பது என் அனுபவம், அதனால் ஒன்றே கேளுங்கள். மாநில அரசு இதற்குத் தலையசைக்குமா? நிதித்துறை 'பணியிடம்' என்ற சொல்லைக் கண்டாலே கோப்பை மூடும். கட்டடம் கேட்டால் கிடைத்துவிடும், ஆளைக் கேட்டால் கிடைக்காது. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் நான்கு கல்லூரி முதல்வர்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டு.

அதுவரை என்ன செய்வது? நான்கு கல்லூரிகளுக்கும் இடையே ஒரு பக்கத்தில் உடன்படிக்கை எழுதுங்கள். தரவு யாருடையது, யார் சேர்க்கலாம், யார் எடுக்கலாம், ஒருவர் விலகினால் என்ன ஆகும், இந்த ஆண்டு பொறுப்பு யாருடையது. பெயர் எழுதுங்கள், பதவி போதாது. மூன்று பிரதிகள் வையுங்கள்: ஒன்று மலையில், ஒன்று சேலத்தில், ஒன்று இரண்டிலும் இல்லாத இடத்தில். கடவுச்சொல்லை மூடிய உறையில் இரண்டு முதல்வர்களின் பீரோவில் வையுங்கள். அடுத்த ஆய்வுத் திட்டம் எழுதும்போது தரவைப் பராமரிப்பவருக்கான தொகையைத் தொடர் செலவினத்தில் தனி வரியாகக் காட்டுங்கள். மதிப்பீட்டுக் குழு வெட்டினால் வெட்டட்டும். நீங்களாக வெட்டிவிடாதீர்கள்.

அந்தத் தோட்டத்துப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கும் வேலையை மட்டும் தள்ளிப் போட வேண்டாம். ஏற்காட்டு ஈரத்தில் மை பரவும், கரையான் அட்டையைத் தாண்டி உள்ளே வரும். மாணவர் மறுபடி மலையேறும்போது ஒரு நல்ல கேமராவையும், ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் வைத்துப் படம் எடுக்க ஓர் அளவுகோலையும் கொடுத்து அனுப்புங்கள். ஏப்ரல் வரிசையில் இருக்கும் அந்த 85 என்ற எண்ணுக்கு அலகு என்ன என்று அந்த மேஸ்திரியிடமே கேட்டு வரட்டும். அவர் இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே.